கருப்பு அங்கியின் விலை

வழக்குமன்றம் என்றால் தமிழ் மேடைக்கும் திரைக்கும் தனி விருப்பம். அண்ணாவின் 'வேலைக்காரி' 1949இல் படமாக வந்தபோதும், கலைஞர் உரையாடல் தீட்டிய 'பராசக்தி' 1952இல் வந்தபோதும், சமுதாயத்தையே கூண்டில் ஏற்றி விசாரித்த இடம் வழக்குமன்றந்தான். கேட்டோம், கைதட்டினோம், நெஞ்சு நிமிர்ந்தோம். ஆனால், ஏழைக்காக வாதாட வருபவன் அணியும் கருப்பு அங்கி என்ன விலை பெறும் என்று நாம் கேட்டதுண்டா?

கேட்ட படம் ஒன்று 2018இல் வந்தது. மாரி செல்வராஜ் இயக்கிய 'பரியேறும் பெருமாள்' அது. காதற்கதை என்றனர் சிலர். சாதிக் கொடுமையின் கதை என்றனர் பலர். அது ஒரு சட்டக் கல்லூரியின் கதை என்பதை மட்டும் நாம் போதிய அளவு பேசவில்லை.

புளியங்குளத்துப் பரியன் திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் சேர்கிறான். அம்பேத்கரைப் போல் ஆக வேண்டும் என்பது அவன் வேட்கை. கல்லூரி அவனிடம் முதலில் கேட்பது பணமன்று, ஆங்கிலம். தமிழ் மண்ணில், தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில், விளங்காத மொழியில் பாடம் நடக்கிறது. விளங்கவில்லை என்று சொன்னவன் தலைகுனிகிறான். அடுத்து அது கேட்பது மானம். கூத்தில் பெண் வேடமிட்டு ஆடிப் பிழைக்கும் தந்தை, மகனுக்காகக் கல்லூரிக்கு வந்த குற்றத்துக்காக, மாணவர்களால் ஆடை உருவப்பட்டுத் தெருவில் ஓடுகிறார். படிப்புக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை அது! எந்தக் கட்டணச் சீட்டிலும் எழுதப்படாத அந்த விலையைத் திரையில் எழுதிக் காட்டியதே இப்படத்தின் பெருமை.

பெருமையைச் சொன்ன நாம் குறையையும் சொல்லத்தான் வேண்டும். எழுதப்படாத விலையைக் காட்டிய படம், எழுதப்பட்ட விலையைக் காட்டாமல் விட்டுவிட்டது. பரியன் கல்லூரியை விட்டு வெளியேறும் நாளில் அவனுக்காகக் காத்திருக்கும் கணக்கு அதில் இல்லை.

"அரசு சட்டக் கல்லூரியில் கட்டணம் குறைவுதானே, நுழைவுத் தேர்வும் இல்லையே" என்பார்கள். உண்மை, நாம் பாடுபட்டுப் பெற்ற நன்மை அது. ஆனால், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் வாயிலில் நிற்கும் காவலனைப் பாருங்கள். 'கிளாட்' எனும் அத்தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 3,500. எவ்வளவு பெரிய சலுகை! பயிற்சி நிலையத்துக்குத் தனிச் செலவு. தேறி உள்ளே போனாலோ, பல பல்கலைக்கழகங்களில் ஓராண்டுச் செலவு மட்டுமே இலட்சங்களில். ஐந்தாண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

பட்டம் பெற்றால் முடிந்ததா? பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டம் அதற்கு வகுத்த கட்டணம் 750 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125. மாநில பார் கவுன்சில்கள் வாங்கியதோ பல்லாயிரம். ஒடிசாவில் அது 40,000ஐயும் தாண்டியது. சட்டத்தைக் காக்க வருபவனிடம், சட்டத்தை மீறி வாங்கிய பணம்! 2024 சூலை 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, சட்டம் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாதென்று தீர்ப்பளித்தது. ஆயினும், முன்பு வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் அத்தீர்ப்பே கூறியது. கடன் வாங்கிக் கட்டியவன் கட்டியது கட்டியதுதான்.

அதன்பின் வருவது பட்டினிக் காலம். மூத்தவரிடம் இளையவராகச் சேர்ந்தவர் பல ஆண்டுகள் கைச்செலவுக்கே ஏங்குவது இத்தொழிலின் பழைய வழக்கம். வீட்டில் சொத்துள்ளவன் காத்திருப்பான். கூலிக்காரர் மகன் எப்படிக் காத்திருப்பான்? நகரங்களில் மாதம் 20,000, ஊர்ப்புறங்களில் 15,000 ரூபாய் தரலாம் என 2024 அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டளையன்று.

பரியன் யாரைப் போலாக விரும்பினானோ, அந்த அம்பேத்கரே இவ்விலையை அறிந்தவர். இலண்டனில் பாரிஸ்டராகித் திரும்பிய பின்னும், 1923இல் பம்பாயில் தொழில் தொடங்கப் பதிவுக்குப் பணமின்றி நின்றார். நண்பர் நவல் பதேனா கொடுத்துதவினார். அரசியல் சட்டத்தை வரைந்த கை, ஒரு நண்பரின் பணத்தால் திறந்த கதவு வழியே வழக்குமன்றம் புகுந்த கை! நண்பர் இல்லாத அம்பேத்கர்கள் எத்தனை பேர் அக்கதவுக்கு வெளியே நின்றார்களோ, யார் கண்டார்?

'பரியேறும் பெருமாள்' இரண்டு தேநீர்க் குவளைகளோடு முடிகிறது. எதிரெதிரே நின்றவர்கள் பேசத் தொடங்குகிறார்கள்; மனம் மாறும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. அழகான முடிவு. ஆனால், மனம் மாறினால் மட்டும் போதுமா? மன்றமும் மாற வேண்டும். அதற்குப் பரியன் அங்கே போய்ச் சேர வேண்டும். ஏழைக்காகக் கட்டணமின்றி வாதாடிய வழக்குரைஞரை 2021இல் 'ஜெய் பீம்' காட்டியது, போற்றினோம். ஏழைக்கு இரங்கும் வழக்குரைஞர் வேண்டும். அதைவிட, ஏழை வீட்டிலிருந்து வரும் வழக்குரைஞர் வேண்டும். முன்னது கருணை, பின்னது உரிமை.

எழுத்தாளத் தோழர்களே, வழக்குமன்றக் காட்சிகளை நிறைய எழுதிவிட்டோம். இனி, அம்மன்றத்தின் படிக்கட்டில் ஏறும்போதே ஒவ்வொரு படிக்கும் காசு கேட்கப்படுபவனின் கதையை எழுதுங்கள். கூண்டில் ஏற்றப்பட வேண்டியது அந்தப் படிக்கட்டும்தான்.