கறுத்துப்போகும் கத்திக்கு ஒரு வக்காலத்து

ஒபினெல் மடக்குக் கத்தியின் ஜாதகம் ஊரறிந்தது. பிரான்சின் சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒபினெல் 1890இல் செய்தது, 1955இல் கழுத்துக்குப் பூட்டு வளையம் வந்தது, எட்டாம் எண்ணுக்கு எட்டரை சென்டிமீட்டர் அலகு, பீச் மரப் பிடி. இவற்றை இன்னொரு முறை ஒப்பிக்க வேண்டியதில்லை. வாங்குகிறவரைக் குழப்புவது வேறொன்று. ஒரே அளவு, ஒரே பிடி, ஆனால் அலகு மட்டும் இரண்டு வகை: ஒன்று ஸ்டெயின்லெஸ், மற்றது வெறும் கரிம எஃகு. "துருப்பிடிக்காததையே வாங்குங்க சார்" என்று கேட்காமலே சொல்லிவிடுவார்கள். சில வாரம் சட்டைப்பையில் போட்டு, கொய்யா முதல் கூரியர் பெட்டி வரை எல்லாவற்றையும் அதனிடம் கொடுத்துப் பார்த்த பின் நான் சேரும் கட்சி கரிம எஃகு. மதுரைச் சமவெளியில் வாழ்கிறவருக்கு அதுதான் பொருத்தம். அதன் பெரிய குறை என்று எல்லாரும் சொல்லும் கறுப்பையே அதற்குச் சாட்சியாக வைக்கிறேன்.

குற்றச்சாட்டு பொய்யில்லை. அழகர்கோவிலில் இருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் வழியில் கீறிய மாங்காயும் கொய்யாவும் மிளகாய்ப்பொடியோடு காத்திருக்கும். அந்த மாங்காயில் ஒன்றைக் கரிம எஃகால் அரிந்தால் கொஞ்ச நேரத்தில் அலகில் சாம்பல் நிறம் படரும். செங்காய்க் கொய்யா என்றால் நீலம் ஓடிய கறுப்பு. புதுக்கத்தியாக இருந்தால் பழத்திலேயே இரும்பு வாடை வீசும். புளிப்பு அலகின் மேற்பரப்பில் உள்ள இரும்பைக் கரைக்கிறது, காயிலுள்ள துவர்ப்பு அந்த இரும்போடு சேர்ந்து கறுப்புப் பொருளாகிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுத்து மை காய்ச்சிய காலத்தில் நடந்ததும் இதுவே. ஸ்டெயின்லெஸ் அலகில் பதினான்கு சதவீதம் அளவுக்குக் குரோமியம் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகி இரும்பை மூடிவிடுவதால் மாங்காய் பாச்சா பலிப்பதில்லை. ஆனால் கறுப்பு ஏற ஏறக் கரிம எஃகும் அடங்கிப்போகிறது. ஒரு மாங்காய்ப் பருவம் முடிவதற்குள் அலகு யானைத்தோல் நிறத்துக்கு வந்துவிடும். வாடை பெரும்பாலும் போய்விடும், சிவப்புத் துரு பிடிக்கும் வேகமும் குறையும். குறையுமே தவிர நிற்காது. வியர்வையின் உப்பு அந்தப் படலத்தையும் அரிக்கும். சித்திரை வெயிலில் நனைந்த சட்டைப்பைக்குள் ஒரு பகல் கிடந்தால் பிடிக்குப் பக்கத்தில் செம்புள்ளி விழத்தான் செய்யும்.

"இவ்வளவு உபத்திரவம் எதற்கு?" என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டு அரிவாள்மனையை மறந்துவிடுகிறார்கள். வாழைப்பூவையும் வாழைக்காயையும் தலைமுறை தலைமுறையாக அரிந்தது துருப்பிடிக்கும் இரும்புதான். அலகு கறுக்கும் என்றும், வேலை முடிந்தவுடன் கழுவித் துடைத்து நிறுத்த வேண்டும் என்றும், மழைக்காலமானால் ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும் என்றும் சமையலறையில் யாரும் பாடம் நடத்தியதில்லை. அது கையோடு வந்த பழக்கம். வெளியே வந்தாலும் இதே கதைதான். திருப்பாச்சேத்திப் பட்டறைகளில் லாரி ஸ்பிரிங் பட்டாவைக் காய்ச்சி அடிக்கும் அரிவாளும் துருப்பிடிக்கும் எஃகுதான். அதில் கரிமம் ஏறக்குறைய அரை சதவீதம், ஒபினெலில் ஏறக்குறைய 0.9. தேங்காய் வெட்டுகிற அரிவாள் கறுத்திருக்கிறது என்று அதைக் குறை சொல்லும் தோப்புக்காரரை நத்தம் சாலையில் தேடிப் பாருங்கள், கிடைக்கமாட்டார். பிரெஞ்சுப் பெயர் போட்ட கத்தி மட்டும் வெள்ளி போல மின்ன வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும்: பித்தளைச் செம்பு போல இதையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசை வரும். தேய்த்தால் அலகைக் காத்துவந்த கறுப்பும் சேர்ந்து போகும். பிறகு முதல் மாங்காயிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வலுவான எதிர்வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒபினெலின் ஸ்டெயின்லெஸ் அலகு மட்டமான எஃகு அல்ல. ஸ்வீடன் நாட்டு நுண்மணி எஃகு, தீட்டுவதும் சுலபம். கூர்மையில் இரண்டுக்கும் வித்தியாசம் நூலிழைதான். கரிம எஃகுக் காதலர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கூட்டியே பேசுகிறார்கள். அப்படியானால் துடைக்கும் வேலையாவது மிச்சமாகட்டுமே என்று கேட்கலாம். ஆனால் மடக்குக் கத்திக்குத் துரு மட்டும் எதிரி இல்லை. அலகு போய் உட்காரும் பள்ளத்தில் மாம்பழச் சாறும் வெல்லப் பிசுக்கும் இறங்கிக் காயும். நம் ஊரில் அப்படிக் காய்ந்த இடத்துக்கு எறும்பு வராமல் இருக்காது. ஸ்டெயின்லெஸ் வைத்திருப்பவர் அலகு சுத்தமாகத் தெரிகிறதே என்று மடக்கிப் போட்டுவிடுகிறார், பள்ளத்தைப் பார்ப்பதில்லை. கரிம எஃகு வைத்திருப்பவர் துருவுக்குப் பயந்தாவது துடைக்கிறார். துடைக்கும்போது பள்ளமும் மூட்டும் கண்ணில் படுகின்றன. வாயில் வைக்கும் பண்டத்தை நறுக்கும் கருவிக்கு இந்தப் பயம் நல்லது.

எனக்குக் கோபம் வருவது பிடியின் மேல்தான். பீச் மரம் தண்ணீரைக் குடிக்கும். நூபுர கங்கையில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஒரே பைக்குள் கத்தியையும் திணித்தால், கீழே இறங்கி வருவதற்குள் மரம் ஊதி அலகைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நகப்பள்ளத்தில் நகம் முறிய இழுத்தாலும் வராது. பிடியின் பின்முனையை மேசையில் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எகிறும், அது சவாய்க்காரர்களின் வித்தை. விற்கிறவர்கள் இதை ஒரு சடங்கு போலச் சிலாகிப்பது எனக்கு எரிச்சல். நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேல் ஒரே பொருளைச் செய்கிறவர்கள் எண்ணெய் ஊறிய பிடியாக அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? வாங்கியவுடன் பிடியின் பள்ளத்துக்கும் மூட்டுக்கும் ஆளிவிதை எண்ணெயை இரண்டு மூன்று தடவை ஊறவிட்டுக் காயவைப்பது புத்திசாலித்தனம். அலகுக்குத் தேங்காயெண்ணெயே போதும், அதை வாயில் வைத்தாலும் கேடில்லை.

தீட்டும் விஷயத்தில் ஒரு வார்த்தை. தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுக்கலாம், இதைக் கொடுக்கக் கூடாது. சக்கரத்தின் வேகத்தில் இந்த மெல்லிய அலகு நொடியில் சூடேறும். விளிம்பு நீலம் பாரித்தால் பதம் போச்சு என்று அர்த்தம். பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு இல்லாத வளையம் இருக்கும். அதில் நாலு இழுப்பு இழுத்தால் தக்காளித் தோலில் வழுக்காத கூர் வந்துவிடும்.

கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு மதுரையில் நடமாடலாமா என்பதும் நியாயமான தயக்கம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கத்தியை ஆயுதமாகப் பார்ப்பது அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும்போதுதான். அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. எட்டாம் எண் ஒபினெல் மூன்றரை அங்குலத்துக்கும் குறைவு. பட்டனை அமுக்கினால் பாயும் ரகமும் அல்ல, திறக்க இரண்டு கையும் வேண்டும். 2000த்திலிருந்து வளையம் மடக்கிய நிலையிலும் பூட்டுவதால் பைக்குள் தானாகத் திறந்துகொள்ளும் பயமும் இல்லை. ஆனாலும் சட்டம் விட்டதை எல்லாம் ஊர் விட்டுவிடாது. பதினெட்டாம்படிக் கருப்பருக்கு ஆளுயர அரிவாளைத் தோளில் சுமந்து வருபவரை யாரும் ஏனென்று கேட்பதில்லை. அது நேர்த்திக்கடன், ஊர் பார்க்கச் செய்வது. அதே ஊரில் இடுப்பில் மறைத்த சிறு கத்திக்கு வேறு மரியாதை. 2021இல் பட்டறைக்காரர்களிடமே வாங்குவோர் பெயரும் முகவரியும் குறித்துவைக்கச் சொன்ன மாநிலம் இது. நம் சினிமா மதுரைக்காரன் கையில் வேறெதையும் கொடுத்துப் பழகவுமில்லை. ஆகவே அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் நெரிசலுக்கும், மீனாட்சி கோயிலின் சோதனை வாசலுக்கும், விமானத்தின் கைப்பைக்கும் இது வேண்டாம். மற்ற நாளில் டிபன் பையில் பழத்தோடு பழமாக வைத்துக்கொள்ளுங்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வேட்டி கட்டுகிறவர்கள் மடியில் செருக வேண்டாம். பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்பது இருக்கட்டும், இடுப்பு வியர்வை போல அலகைக் கெடுப்பது வேறில்லை.

ஸ்டெயின்லெஸ் யாருக்கு? தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கம் கடற்காற்றிலேயே வாழ்பவர்களுக்கு. ஊறுகாய்க்கென்று மணிக்கணக்கில் எலுமிச்சை அரிபவர்களுக்கு. அவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. மற்றவர்கள் இணையத்தில் வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த எஃகு என்று குறிப்பில் எழுதாமலே விற்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. முடி சூடிய கையின் முத்திரைக்குக் கீழே 'இனாக்ஸ்' என்று பொறித்திருந்தால் ஸ்டெயின்லெஸ், 'கார்போன்' என்றிருந்தால் கரிம எஃகு. கைக்கு ஏழாம் எண்ணும் போதும். எட்டு அழகுதான், ஆனால் சட்டைப்பைக்கு வெளியே தலையை நீட்டும்.