முதுமையில் அகுஸ்தீனார் வாசித்த நூல்கள்

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பங்கு அன்பர் ஒருவர் அண்மையில் நம்மை அணுகி, "சாமி, இனி நேரம் நிறைய இருக்கிறது, என்ன படிக்கலாம், சொல்லுங்கள்" என்று கேட்டார். நினைவுக்கு வந்த சில நூல்களின் பெயர்களைக் கூறி அனுப்பிவைத்தோம். அவர் சென்ற பின்னரே ஓர் உண்மை நெஞ்சில் உறுத்தியது. நாம் கூறிய நூல்கள் யாவும், அவர் ஏற்கெனவே நம்பியிருப்பவற்றை இன்னொரு முறை உறுதிப்படுத்தும் நூல்களே. அந்த உறுத்தல்தான், குருமடத்தில் பெயரளவில் மட்டும் அறிந்திருந்த ஒரு நூலை நம் கையில் எடுக்க வைத்தது.

புனித அகுஸ்தீனார் இலத்தீன் மொழியில் எழுதிய 'ரெத்ராக்தாத்சியோனெஸ்' என்பது அந்நூல். 'மறு ஆய்வுகள்' என்று அதனைத் தமிழில் வழங்கலாம். 354ஆம் ஆண்டில் பிறந்த அவர், 426, 427 ஆகிய ஆண்டுகளில், எழுபது வயதைக் கடந்த நிலையில் இதனை எழுதினார்.

நூல் பிறந்த சூழலை முதலில் அறிவது நன்று. மறைநூலைக் கற்பதற்கென வாரத்தில் ஐந்து நாள்களைத் தமக்கு விட்டுக்கொடுக்குமாறு ஹிப்போ நகர மக்களை அவர் முன்னரே கேட்டிருந்தார். மக்களும் இசைந்தனர். ஆனால் சிறிது காலத்திற்குள் வழக்குகளும் முறையீடுகளும் மீண்டும் அவரைச் சூழ்ந்துகொண்டன. ஆகவே 426ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், எராக்லியு என்னும் குருவைத் தமக்குப் பின் ஆயராக வரவேண்டியவர் என்று ஆலயத்தில் அறிவித்து, அன்றாடச் சுமைகளை அவரிடம் ஒப்படைத்தார். கற்பதற்கு நேரம் வேண்டி ஒரு முதிய ஆயர் தம் மக்களிடம் மன்றாடிய இச்செய்தி, பங்குத் தந்தையர் எவரையும் தொடாமல் போகாது.

அவ்வாறு கிடைத்த நேரத்தில் அவர் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று, தம் சொந்த நூல்களை மீண்டும் வாசிப்பது. 232 புத்தகங்களாக விரிந்த தம் 93 படைப்புகளை, எழுதிய வரிசையிலேயே எடுத்து, எங்கே பிழைத்தோம் என்று குறித்துக்கொண்டே சென்றார். இளமையில் எழுதிய உரையாடல் ஒன்றில், 'ஊழ்' என்று பொருள்படும் சொல்லை அளவின்றி ஆண்டதற்காக வருந்துகிறார். பிளேட்டோவையும் அவர் வழிவந்தோரையும் மிகையாகப் புகழ்ந்தது தகாது என்கிறார். உலகம் போற்றும் தம் 'ஒப்புதல்கள்' நூலையும் அவர் விட்டுவைக்கவில்லை. நண்பனின் மரணத்தைப் பற்றி அதில் எழுதிய ஒரு பகுதி, ஆழ்ந்த அறிக்கையாக இல்லாமல் வெறும் பேச்சலங்காரமாக நிற்கிறது என்று கூறிவிடுகிறார். பேதுருவைக் குறித்த 'பாறை' என்னும் சொல்லுக்குத் தாம் இருவேறு காலங்களில் இருவேறு பொருள் கூறியதை ஒளிக்காமல் எடுத்து வைத்து, பொருத்தமானதை வாசகரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விடுகிறார்.

நம்மை மிகவும் நிறுத்தி வைத்த இடம் வேறு. ஆயரான தொடக்கக் காலத்தில் எழுதிய ஒரு நூலைப் பற்றிக் கூறும்போது, மனிதனின் விருப்புரிமையை நிலைநாட்டவே தாம் அரும்பாடுபட்டதாகவும், முடிவில் இறையருளே வென்றுவிட்டதாகவும் எழுதுகிறார். வாதத்தில் தோற்றவர் போல் பேசினாலும், அத்தோல்வியில் அவருக்கு வருத்தமில்லை.

குறைகளையும் கூறத்தான் வேண்டும். இது தொடர்ந்து வாசிக்கத்தக்க நூலன்று. பல பக்கங்கள் பட்டியல் போல் வறண்டு கிடக்கின்றன. மேலும், திருத்தம் என்ற பெயரில் தற்காப்பு நுழையும் இடங்களும் உண்டு. விருப்புரிமை பற்றிய அவருடைய பழைய நூலிலிருந்து பெலாஜியு தமக்குச் சார்பாக மேற்கோள் காட்டியிருந்தார். அந்நூலைப் பற்றிய பகுதியில், தாம் அன்றே அருளைப் பற்றிச் சரியாகவே கூறியிருந்ததாக அகுஸ்தீனார் நெடிது வாதாடுகிறார். குற்றம் சாட்டப்பட்டவரும் நீதிபதியும் ஒருவராக இருக்கையில் தீர்ப்பு சற்றுச் சாய்வது இயல்பே. ஆயினும் இக்குறையே நமக்குப் பாடமாகிறது. புனிதர் ஒருவருக்கே தம்மைத் திருத்திக்கொள்வது இத்துணை அரிதாயின், நமக்கு எம்மாத்திரம்!

இங்கு ஓர் ஐயம் எழலாம். அறியும் வேட்கையை 'கண்களின் இச்சை' என்று கடிந்துகொண்டவர் இதே அகுஸ்தீனார் அல்லவா? ஆம். பல்லி பூச்சியைப் பிடிப்பதும் சிலந்தி வலையில் ஈயைச் சுற்றுவதும் தம் கவனத்தை ஈர்த்துவிடுவதாக 'ஒப்புதல்கள்' பத்தாம் புத்தகத்தில் அவர் குறைபட்டுக்கொள்கிறார். அது சற்றே கடுமையான தீர்ப்பு என்பது நம் கருத்து. பிற்காலத்தில் புனித தோமா அக்குவினார், ஒழுங்கற்ற ஆவல் வேறு, கல்வியார்வம் வேறு என்று பிரித்துக் காட்டி, கல்வியார்வத்தைத் தன்னடக்கத்தைச் சார்ந்த நற்பண்பாக வைத்தார். எதை அறிய விரும்புகிறோம் என்பதோடு, எதற்காக, எவ்வளவு என்பதும் கேட்கப்பட வேண்டும். மாலை நேரம் குறுகியது என்று உணர்ந்தவர்களுக்கு இவ்வேறுபாடு மிகவும் தேவை.

இந்நூலை மூடிவைத்த பின், நம் பழைய மறையுரைக் குறிப்பேடுகளை எடுத்தோம். நாம் குருவான மூன்றாம் ஆண்டில், குளத்தில் மூழ்கி இறந்த ஒரு சிறுவனின் அடக்கத் திருப்பலிக்காக எழுதிய பக்கங்கள் கிடைத்தன. கடவுள் தமக்குப் பிடித்த மலரைப் பறித்துக்கொண்டார் என்று அதில் எழுதியிருந்தோம். அழகாகவே எழுதியிருந்தோம். பலர் பாராட்டியதும் நினைவிருக்கிறது. அந்தத் தாய் மட்டும் ஒன்றும் பேசவில்லை. யோபு நூலை அதற்கு முன்பே முறையாகக் கற்றுத் தேர்வும் எழுதியிருந்தோம். ஆறுதல் கூற வந்து கடவுளைப் பற்றிப் பிழையாகப் பேசிய நண்பர்களின் வரிசையில் நாமும் அமர்ந்திருந்தோம் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஓய்வு பெற்ற அந்த அன்பரை மீண்டும் சந்தித்தபோது நம் விடையை மாற்றிக் கூறினோம். புதிதாக ஒரு நூலைத் தேர்ந்தெடுங்கள். அது உங்களோடு உடன்படாத நூலாக இருக்கட்டும். இளமையில் உங்களை உருவாக்கிய நூல் ஒன்றையும் எடுத்து, கையில் பென்சிலோடு மறுபடி படியுங்கள். எங்கே மாறியிருக்கிறீர்கள், எங்கே மாறியிருக்க வேண்டும் என்று குறித்து வையுங்கள். இவ்விரண்டும் ஓராண்டுக்குப் போதும். அவர் சிரித்துக்கொண்டே, "இது பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வதுபோல் இருக்கிறதே, சாமி" என்றார். நாம் மறுக்கவில்லை.

அந்தத் தாய்க்கு ஒரு மடல் எழுதத் தொடங்கியிருக்கிறோம். அவர் இன்னும் அதே ஊரில் இருப்பதாகக் கேள்வி. மும்முறை எழுதியும் முதல் பத்தியைத் தாண்டவில்லை. எனினும் எழுதியே தீர்வது என்றிருக்கிறோம்.