சரிவைச் சொல்லும் குரல்

கோல்ஃபைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதா என்று தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். கனவான்களின் ஆட்டம், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரன் புல் வளர்த்து விட்டுப்போனது. எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஆட்டத்தின்மேல் படர்ந்திருக்கும் வர்ணனைக் குரலைப் பேசாமல் விட முடியவில்லை.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலை. கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் இருந்தேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் இறுதிச் சுற்று. உலகத் தரவரிசையில் 200ஆவது இடத்திலிருந்த அதிதி அசோக் பதக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். கோல்ஃப் விதி ஒன்றும் தெரியாத நாங்களும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டோம். நண்பரின் ஆயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்கண்ணு, இவங்க ஏன் இப்படிக் குசுகுசுன்னு பேசறாங்க? பக்கத்துல யாராச்சும் தூங்கறாங்களா?"

சிரித்தோம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. பந்தடிப்பவருக்குப் பக்கத்தில் மைக்கோடு நடக்கிறவர் கிசுகிசுப்பதில் நியாயமுண்டு. அடைத்த அறைக்குள் திரையைப் பார்த்துப் பேசுகிறவர் ஏன் குரலைத் தாழ்த்த வேண்டும்? அது ஒரு பாவனை. 'புனிதமான இடத்துக்கு வந்திருக்கிறாய், செருப்பைக் கழற்று' என்கிற பாவனை.

பாவனைக்குப் பின்னால் அதிகாரம் இருக்கிறது. அமெரிக்காவின் அகஸ்டா கிளப்பில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் பார்வையாளர்களை 'பேட்ரன்கள்', அதாவது புரவலர்கள் என்றே குறிப்பிட வேண்டும். 1966இல் அவர்களைக் 'கும்பல்' என்று சொல்லிவிட்ட ஜாக் விட்டேக்கர் சில ஆண்டுகள் அந்தப் பக்கமே வர முடியவில்லை. 1994இல் புல்தரையின் வழவழப்பைக் கிண்டலடித்த கேரி மெக்கார்டும் வெளியேற்றப்பட்டார். சொல்லில் இவ்வளவு சுத்தம் பார்த்த இடத்தில்தான் 1982 வரை ஆட்டக்காரர்களின் பையைச் சுமந்தவர்கள் கிளப்பின் கறுப்பினக் கேடிகள். 1990 வரை ஒரு கறுப்பர்கூட அங்கே உறுப்பினரில்லை. (பை சுமப்பவருக்குப் பெயர் 'கேடி'. நம்மூர்ப் போலீஸ் வாயில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வாசகருக்குத் தெரியும்.)

இயற்கையையும் விட்டுவைக்கவில்லை. சி.பி.எஸ். நிறுவனம் தன் கோல்ஃப் ஒளிபரப்பில் ஒலிநாடாவில் பதிந்த பறவைக் குரல்களைக் கலந்தது 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதைக் கட்டுடைத்தவர்கள் ஊடக விமர்சகர்கள் அல்ல, பறவை நோக்குகிறவர்கள். இந்தப் பறவை இந்த ஊரில் இந்தப் பருவத்தில் கூவாதே என்றார்கள், அவ்வளவுதான். மண்ணைத் தெரிந்தவனிடம் பிரதியின் பொய் செல்லுபடியாகாது.

அப்படியானால் எல்லாவற்றையும் நிராகரித்துவிடலாமா? முடியாது. அன்று காலை எனக்கு இன்பமும் கிடைத்தது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் பொய்.

கேமரா மேட்டைத் தட்டையாக்கிவிடும். இந்த மலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் படம் எடுத்தவர்களுக்கு இது தெரியும். மூச்சு வாங்கவைத்த ஏற்றம் படத்தில் வெறும் ரோடாகக் கிடக்கும். கோல்ஃப் குழியைச் சுற்றிய புல்தரையும் திரையில் பாய் விரித்த மாதிரிதான் தெரிகிறது. பந்து மட்டும் காரணமில்லாமல் வளைகிறது. எந்தப் பக்கம் இறக்கம், புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு தள்ளிக் குறிவைக்க வேண்டும் என்று ஆடிப் பழகிய ஒருவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால், தொலைந்த சரிவு நமக்குத் திரும்பக் கிடைக்கிறது. பிறகு வரும் மௌனத்தில் பந்து உருள்கிறது. அப்துல் ஜப்பாரின் வானொலி கிரிக்கெட் வர்ணனை மைதானத்தைக் காதுக்குக் கொண்டுவந்ததும் இதே வேலைதான். எரிச்சல் எப்போது வருகிறது? கண்ணால் பார்த்ததையே திரும்பச் சொல்லும்போது, பரிசுத்தொகையை ஓதும்போது, நட்சத்திரத்துக்குத் துதி பாடும்போது.

கொல்லிக்கு இது புதிய விஷயமல்ல. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் ஓர் அம்பைப் பின்தொடர்கிறார். யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று ஊடுருவி உடும்பில் போய்த் தைக்கிறது. எய்தவன் ஓரிதானா, வேறு ஆளா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். முதலில் அம்பு, அப்புறம் பெயர். வன்பரணரும் புரவலனைப் பாடிப் பரிசு பெற்றவர்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனாலும் அவர் கண் அம்பின்மேல் இருந்தது. இன்றைய வர்ணனையில் பெயரும் பட்டமும் முன்னால் வருகின்றன. பந்து பின்னால் வருகிறது.

சரிவை நன்றாக அறிந்தவர்கள் அதைக் காலால் நடந்தவர்கள். டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். அந்தக் கால்களின் அறிவு வர்ணனைக் குரலில் எப்போது ஏறும்?

அதிதி 18ஆவது குழியில் அடித்த பந்து உள்ளே விழவில்லை. ஒரே அடியில் வெண்கலம் போயிற்று, நான்காவது இடம். அன்று மாலை நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியதும் நாடு காலையை மறந்துவிட்டது. ஆயா மறக்கவில்லை.

"அந்தப் பொண்ணுகூடப் பையைத் தூக்கிட்டு நடந்தாங்களே, யாரு அது?"

"அவங்க அம்மாங்க, ஆயா."

"அடப் பாவமே. அத மொதல்ல சொல்லோணுமில்ல."