தலைக்கு ஊற்றிய தண்ணீர்

ராஜபாளையத்தில் கதை படிக்கிறவர்கள் கூடிய ஒரு மாலையில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையைப் பற்றிப் பேசினேன். பேசி முடித்ததும் வழக்கமான கேள்விகள் வந்தன. அந்தப் பெண் இணங்கினாளா, மிரண்டாளா? தாய் செய்தது தர்மமா, வெறும் மூடி மறைப்பா? எல்லாம் ஓய்ந்த பிறகு கடைசி வரிசையிலிருந்து வயதான அம்மாள் ஒருவர் எழுந்தார். ஆயுளெல்லாம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவராம். "தலைக்குத் தண்ணி ஊத்துனது சரிதான் ஐயா. அந்தப் பிள்ளை அடுத்த மாசம் முழுகாம இருந்திருந்தா, அந்தத் தாய் என்ன செஞ்சிருப்பா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. எத்தனையோ தடவை படித்த கதை. இந்தக் கேள்வி ஒரு தடவையும் எனக்குத் தோன்றியதில்லை. ஆண்பிள்ளைக்குத் தோன்றாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கதையைப் பாராட்டியவர்களும் சரி, தூற்றியவர்களும் சரி, பெரும்பாலும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

கதை 1966-ல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண் ஒரு காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு வந்து சேருகிறாள். முதலில் பதறிய தாய், பிறகு மகளை உட்கார்த்தித் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமானவள் என்கிறாள். இதற்குத்தான் நாடே இரண்டு பட்டது. புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில், சீதையை ராமன் தீக்குளிக்க வைத்தான் என்று கேட்ட அகலிகையை மறுபடி கல்லாக்கினார். ஜெயகாந்தனோ தீயின் இடத்தில் தண்ணீரை வைத்தார். அந்தத் துணிச்சலை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் பாருங்கள்: தீயானாலும் தண்ணீரானாலும் கேள்வி ஒன்றுதான். அவள் சுத்தமா, அசுத்தமா? அசுத்தம் என்றவர்களுக்கு எதிராகச் சுத்தம் என்று வாதாடினார் ஆசிரியர். வாதத்தில் ஜெயித்தார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஓர் உடம்பு இருக்கிறது. அதற்கு வலி உண்டு, நோய் வரலாம், கரு தங்கலாம். இந்த உடம்பு மட்டும் வாதத்துக்கு வெளியே, ஈரத் துணியோடு நின்றுகொண்டே இருந்தது.

நம் சினிமா இதற்கு நேர் எதிர். அங்கே ஒரே இரவு போதும். அடுத்த காட்சியில் கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். பிறகு பஞ்சாயத்து கூடிக் கெடுத்தவன் கையாலேயே தாலி கட்ட வைக்கும். சினிமாவுக்குக் கர்ப்பம் சௌகரியம். கதை நகர வேண்டும். சிறுகதைக்குக் கர்ப்பம் இல்லாதது சௌகரியம். கதை முடிய வேண்டும். இந்த இரண்டு சௌகரியங்களுக்கும் நடுவில், நிஜமான பெண் ஒருத்தி காலண்டரைப் பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பற்றி எழுத நம்மிடம் ஆள் இல்லை.

ஜெயகாந்தனிடம் அநியாயமாகவும் நடந்துகொள்ளக் கூடாது. 1966-ல் அந்தத் தாய்க்கு என்ன வழி இருந்தது? தாயின் உயிரைக் காப்பதற்காக அல்லாமல் கருவைக் கலைப்பது இந்தியத் தண்டனைச் சட்டம் 312-ஆம் பிரிவின்படி குற்றம், கலைத்துக்கொண்டவளுக்கும் தண்டனை. இந்தச் சட்டத்தை மாற்றலாமா என்று ஆராய அமைத்த சாந்திலால் ஷா குழு அறிக்கை கொடுத்ததே அந்த 1966-ல்தான். அதன் பேரில் 1971-ல் சட்டம் வந்தது. பலாத்காரத்தால் உண்டான கர்ப்பம் பெண்ணின் மனநலத்துக்குக் கடும் கேடு என்று அந்தச் சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. ஆக, கதையிலே தாய் கையில் இருந்தது ஒரு குடம் தண்ணீர்தான். அதை அவள் அன்போடு ஊற்றினாள். அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்ற பயத்தை ஆசிரியர் எழுதியிருந்தால், அந்த அன்பு இன்னும் கனத்திருக்கும் என்பதே என் குறை.

'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அவர் தம்மையே மறுத்து எழுதினார். தாய் அவ்வளவு விவேகம் இல்லாமல் ஊர் கூட அலறியிருந்தால் என்ன ஆகும் என்பதே நாவல். கங்கா படித்து உத்தியோகமும் பார்க்கிறாள். ஆனால் 'கெட்டுப்போனவள்' என்ற பெயர் போகவில்லை. 1972-ல் அதற்குச் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. துணை கிடைக்காத பெண்ணின் கதியை இதைவிட நன்றாகத் தமிழில் சொன்ன நாவலை நான் படித்ததில்லை.

இன்றைய தாய்க்குத் தண்ணீர்க் குடத்தைத் தவிர வேறு வழிகள் உண்டு. அந்த நர்ஸம்மாள் பிறகு எனக்குச் சொன்னவற்றையும், நான் சரிபார்த்துக்கொண்டவற்றையும் எழுதுகிறேன். குளிப்பதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது, சாட்சியம் கரையாமல் இருக்கும். குளித்துவிட்டாலும் போகலாம், போகத்தான் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். புகார் எழுதினால்தான் பார்ப்போம் என்று சொல்லக் கூடாது. கரு தங்காமலிருக்க மாத்திரை உண்டு. 3 நாளுக்குள் சாப்பிடுவது உத்தமம், 5 நாள் வரை கொடுக்கலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். இரண்டு விரல் பரிசோதனை கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2013-லும், மறுபடி 2022-லும் சொல்லியிருக்கிறது.

அப்படியும் நாள் தள்ளினால், 2021-ஆம் வருஷத் திருத்தத்தின்படி இத்தகைய பெண் 24 வாரம் வரை கருவைக் கலைத்துக்கொள்ளலாம். 18 வயது நிரம்பியவளானால் அவள் கையெழுத்தே போதும். தகப்பனோ புருஷனோ போட வேண்டியதில்லை. புருஷனே பலாத்காரம் செய்திருந்தாலும் இந்த விஷயத்தில் அது பலாத்காரம்தான் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 181 என்ற எண்ணைச் சுழற்றினால் பேச ஒரு குரல் கிடைக்கும்.

சட்டம் இருப்பது வேறு, அது வாசற்படி ஏறி வருவது வேறு. ராஜபாளையத்தில் மில்லுக்குப் போகிற பெண் ஒருத்திக்கு இது நேர்ந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் அவள் வீட்டார் மனத்தில் ஆண்டாள் கோபுரம் எழாது; ஜில்லா கோர்ட்டுதான் எழும். பஸ்ஸில் கொஞ்ச நேரத்துப் பயணம்தான். ஆனால் அங்கே போனால் பெயர் கெடும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். கோர்ட்டுக்கு நாள் இருக்கிறது, மாத்திரைக்கு இல்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால் எத்தனை பெண்கள் மாதக்கணக்கில் தவித்திருப்பார்கள்!

இதையெல்லாம் கதையில் எழுதினால் அது பிரசாரம் ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். சட்டப் பிரிவுகளை எழுதச் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றிய பிறகு தாய் தலையைத் துவட்டி, புடவை மாற்றிக் கொடுத்து, "வாடி, நானும் வரேன்" என்று கூட்டிக்கொண்டு போகிற அடுத்த அரைமணி நேரத்தை எழுதலாம். வரிசையில் நிற்கிற பயத்தை, டாக்டரின் முகத்தை, தெரிந்தவர் யாராவது எதிரே வந்துவிடுவார்களோ என்ற கூச்சத்தை எழுதலாம். அது கதைதான், நல்ல கதைக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்கிறார்கள். காயம் பட்டவள் நல்லவளா கெட்டவளா என்று அந்தத் துணி கேட்பதில்லை. அந்த அம்மாளின் கேள்வியும் அந்த ஜாதியைச் சேர்ந்தது. அதற்குப் பதிலாக ஒரு கதை எழுத வேண்டும். நான் எழுதாவிட்டாலும், இதைப் படிக்கிற பெண் ஒருத்தி எழுதுவாள். என்னைவிட நன்றாகவே எழுதுவாள்.