ஐம்பது விநாடிப் படங்கள்: எப்படித் தேடுவது, எதை வைத்து எடைபோடுவது

சின்ன வீடியோக்களைப் பத்தி நம்ம ஆட்கள் பேசுறது ரெண்டே விதம். ஒண்ணு, "எல்லாம் குப்பை, பிள்ளைங்க கெட்டுப்போவுது." இன்னொண்ணு, "இத்தனை லட்சம் வியூ போயிருக்கு." முதலாவது உபதேசம், ரெண்டாவது கணக்கு. படத்தைப் பத்தி ரெண்டுலயும் ஒரு வார்த்தை கிடையாது. இந்தக் காட்சியை எப்படி எடுத்தாங்க, ஏன் மனசுல நிக்குது, எடுத்தவர் யார் என்று கேட்கிற பேச்சு தமிழில் அரிது. ரெண்டரை மணி நேரப் படத்துக்கு விமர்சனம் எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. ஒரு நிமிஷத்தில் முடிகிற படத்துக்கு ஆள் இல்லை. சில வருஷமாகச் சேர்த்து வைத்த குறிப்புகளைக் கொண்டு அதை இங்கே செய்து பார்க்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை

1895 டிசம்பர் 28 அன்று பாரீஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படம் காட்டினார்கள். அன்றைக்கு ஓடியது பத்து படம். ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 50 விநாடி. அவங்க கேமராவுக்குள்ள சுமார் 17 மீட்டர் பிலிம்தான் போகும், அதான் காரணம். இன்னைக்கு நாம விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற படங்களின் நீளமும் கிட்டத்தட்ட அதேதான்.

அந்தப் பத்தில் ஒண்ணு: தோட்டக்காரர் ஒருத்தர் குழாயில் தண்ணி பாய்ச்சிட்டு இருக்கார். பின்னால ஒரு பையன் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணி நிக்குது. என்னாச்சுன்னு அவர் குழாய் வாயை முகத்துக்கு நேரா பிடிச்சுப் பார்க்க, பையன் காலை எடுத்துட்டான். இப்போ வர்ற 'பிராங்க்' வீடியோவின் தாத்தா இது. இன்னொரு நுணுக்கத்தையும் கவனிங்க. ஓடுற பையனைத் துரத்திப் பிடிச்ச தோட்டக்காரர் அங்கேயே வச்சு அடிக்கல. கேமரா முன்னாடி இழுத்துட்டு வந்துதான் அடிக்கிறார். சட்டத்துக்கு வெளியே நடக்கிறது படத்தில் இல்லை என்ற பாடம் அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

1896இல் லூமியேர் எடுத்த இன்னொரு படத்தில் சில ஆட்கள் ஒரு சுவரை இடிக்கிறார்கள். படத்தைத் திருப்பி ஓட்டினால், எழும்பின தூசியெல்லாம் தரையில் அடங்கி, சுவர் தானாக நிமிர்ந்து நிற்கும். நம்ம பக்கத்துப் பிள்ளைங்க கிணத்துல குதிச்சு, அதை 'ரிவர்ஸ்'ல போட்டு, தண்ணியில் இருந்து திண்டுக்குப் பறந்து வர்ற மாதிரி எடுக்கிறாங்களே, அந்த வித்தைக்கு 130 வயசு ஆகப்போகுது. அடுத்து மெலியே. தெருவைப் படம் பிடிக்கும்போது கேமரா சிக்கிக்கொண்டதாம். சரி செய்து திரும்பச் சுற்றினாராம். போட்டுப் பார்த்தால் பேருந்து சவ வண்டியாக மாறியிருந்ததாம். இது அவரே பிற்காலத்தில் சொன்ன கதை. சாரத்தோட துள்ளினவன் பட்டு வேட்டியில் தரையிறங்குற 'டிரான்சிஷன்' எல்லாம் இதே வெட்டுதான்.

இந்தச் சின்னப் படங்களைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கொண்டுபோன முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வேயில் வரைவாளர் வேலை. 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச் சுருள்களையும் வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் போடக் கிளம்பினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டியவரும் அவரே. ஆபீசில் அளவுகோலும் பென்சிலுமாக இருந்த ஒரு மனுஷனைத் தெருவுக்கு இழுக்கிற சக்தி இந்தச் சின்னப் படங்களுக்கு இருந்திருக்கு.

நம்ம அரசாங்கமே இப்படிப் படம் எடுத்திருக்குன்னா நிறைய பேர் நம்ப மாட்டாங்க. 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் நமக்கெல்லாம் கொட்டகையில் ஓடின செய்திப்படமாகத்தான் ஞாபகம் இருக்கும். அது முடியட்டும்னு வெளியே முறுக்கு வாங்கிட்டு நிப்பாங்க. அதுவும் ஒருவகைத் 'தள்ளிவிடல்'தான். ஆனா அதே நிறுவனத்துக்குள்ள பிரமோத் பதி என்று ஒருத்தர் இருந்தார். 1968இல் அவர் எடுத்த 'எக்ஸ்ப்ளோரர்' ஏழு நிமிஷம். விளக்கக் குரல் கிடையாது. சாமி, விஞ்ஞானம், இளவட்டங்களின் ஆட்டம் என்று பிம்பங்கள் மின்னல் வெட்டுற மாதிரி வந்து போகும். 1972இல் எடுத்த 'ஆபித்' படத்தில் ஓவியர் ஆபித் சுர்தியையே பொம்மை மாதிரி ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எடுத்திருக்கார். இந்த உத்திக்குப் பேர் பிக்சிலேஷன். கனடாவில் நார்மன் மெக்லாரன் 1952இல் 'நெய்பர்ஸ்' படத்தில் இதைச் செய்து ஆஸ்கர் வாங்கினார். ரெண்டு பேர் படத்தையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இன்னைக்கு 'எடிட்' என்று கொண்டாடப்படும் பல வீடியோக்களைப் பார்த்துட்டு 'ஆபித்' பார்த்தா, எது மேல உழைப்பு இருக்கு என்பது தானாகத் தெரியும். விநாடிக்கு 12 படம் என்று வைத்தால்கூட ஒரு நிமிஷத்துக்கு 720 தடவை ஆளை நிறுத்தி, நகர்த்தி, எடுக்கணும்.

எடைபோட மூணு கேள்வி

பழசைச் சொன்னது 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்பதற்கு இல்லை. வித்தை பழசு என்று தெரிந்தால், வித்தையைப் பார்த்து மட்டும் அசந்துபோக மாட்டோம். அதுக்கு மேல என்ன இருக்குன்னு கேட்போம். நான் கேட்கிற கேள்விகள் மூணு.

முதல் கேள்வி: சட்டத்துக்கு வேலை இருக்கா? போன் வீடியோவின் சட்டம் நட்டுக்க நிற்கிறது, அகலம் 9, உயரம் 16. களக்காட்டுத் தலையணையில் ஞாயித்துக்கிழமை எடுக்கப்படும் வீடியோக்களை ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். பச்சையாறு படுத்து வர்ற ஆறு. பாறையும் தண்ணியும் பக்கவாட்டில் விரிஞ்சு கிடக்கு. அதை நட்டுக்க நிற்கிற சட்டத்துக்குள் திணிச்சா நடுவில் ஒரு ஆள், பின்னால கொஞ்சம் வெள்ளைத் தண்ணி, அவ்வளவுதான். ஸ்லோமோஷன், அதே பாட்டு, அதே தலைமுடி உதறல். எந்த அருவியில் எடுத்தாலும் ஒண்ணுதான். ஆனா திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பனையேறுறதை எடுத்த வீடியோக்களைப் பாருங்க. பனை அந்தச் சட்டத்துக்காகவே பிறந்த மாதிரி நிற்கும். கீழே இருந்து எடுத்தா ஆள் ஏற ஏறச் சிறுசாவார். மேல ஓலைக்குள்ள மறையும்போது படம் முடிஞ்சிரும். வெட்டே தேவையில்லை. டீ ஆத்துறது, கோபுரம், தேர் வடம் பிடிக்கையில் அலங்காரத் துணி ஆடுறது, எல்லாமே நிமிர்ந்த பொருட்கள். நம்ம ஊரில் இந்தச் சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. அதில் முகத்தை மட்டும் அடைக்கிறதுதான் பஞ்சம்.

ரெண்டாவது: ஒட்டவைத்த பாட்டை எடுத்துட்டா மிச்சம் என்ன? சத்தத்தை அணைச்சுட்டு ஒரு தடவை பாருங்க. பத்தில் எட்டு வீடியோ அங்கேயே உக்காந்துரும். உணர்ச்சி எல்லாம் இசையமைப்பாளர் கொடுத்தது, எடுத்தவர் கொடுத்தது ஒண்ணுமில்லை.

மூணாவது: வித்தை தெரிஞ்ச பிறகு ரெண்டாவது தடவை பார்க்க ஏதாவது இருக்கா? சுவர் இடிக்கிற படத்தில் சுவர் நிமிரும்னு தெரியும். ஆனாலும் அந்தத் தூசி எப்படி அடங்குதுன்னு பார்க்கத் திரும்பப் போகலாம். 'டுவிஸ்ட்'டை மட்டும் நம்பி எடுத்தது முதல் தடவையே செத்துரும்.

ஒரு வாழைத்தார்

இந்த மூணு கேள்விக்கும் நின்ன ஒரு வீடியோவைச் சொல்றேன். களக்காடு வாழைக்குப் பேர்போன ஊர், அதனால என் கண்ணில் பட்டதில் அதிசயமில்லை. தோட்டம். சுமை தூக்குறவர் ஒருத்தர் தாரைத் தூக்கித் தோளில் ஏத்துறார். அது கேமராவை நோக்கி வந்து சட்டம் முழுக்கப் பச்சையாக மூடுது. அடுத்த கணம் பச்சை விலகுது. இப்போ சந்தைத் தரை. தார் இறங்குது. நடுவில் இருந்த ரோடு, வண்டி, பேரம் எல்லாம் அந்தப் பச்சைக்குள்ள போயிட்டு. மொத்தம் ஒன்பது விநாடி. மெலியேயின் அதே வெட்டுதான். ஆனா இதில் வெட்டு ஜாலத்துக்காக வரல. ஒரு ஆளோட ஒருநாள் உழைப்பின் ரெண்டு முனையைத் தைக்குது.

நான் முதலில் பார்த்தது மறுபதிவு. மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை, எடுத்தவர் பேர் இருந்த மூலை வெட்டப்பட்டிருக்கு, மேல ஒரு சினிமாப் பாட்டு. படத்தை நிறுத்தி, தெரிஞ்ச பொருட்களை வைத்துத் தமிழில் தேடி, தேதி வாரியாக அடுக்கிப் பார்த்து, மூலத்தைப் பிடிக்க மூணு ராத்திரி ஆச்சு. மூலத்தில் பாட்டே கிடையாது. தோட்டத்தில் இலை உரசுற சத்தம், பச்சை மூடும்போது ஒரு கணம் அமைதி, தார் தரையில் படும்போது 'தொம்'. அந்தத் 'தொம்'முக்காகத்தான் மொத்தப் படமும் எடுத்திருக்காங்க. மறுபதிவில் அது பாட்டுக்கு அடியில் போயிட்டு. மறுபதிவை ஏராளமானவங்க பார்த்திருந்தாங்க. மூலத்தைப் பார்த்தவங்க ரொம்பக் கொஞ்சம். எடுத்தவர் அதுக்கப்புறம் ஒண்ணும் போடவும் இல்லை.

நல்லது ஏன் நம்ம கண்ணில் படுவதில்லை

இது யாரோ சதி பண்ணி நடக்கிறது இல்லை, அமைப்பு அப்படி. யூடியூப் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில் பரிந்துரை முறையை விளக்கியிருக்காங்க. ரெண்டு சல்லடை. முதல் சல்லடை லட்சக்கணக்கான வீடியோவில் இருந்து சில நூறைப் பொறுக்கும். ரெண்டாவது அவற்றை வரிசைப்படுத்தும்; நீங்க எவ்வளவு நேரம் பார்ப்பீங்க என்ற கணிப்புதான் அங்கே எடைக்கல். அதுக்கப்புறம் கணக்கு எவ்வளவோ மாறியிருக்கு. ஆனா அளக்கப்படுவது நம்ம நடத்தை என்பது மாறல. அழகுக்கு அங்கே கட்டம் இல்லை. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலும், ஒரு வியூ என்று எண்ணுறாங்க. கடைசி பிரேமை முதல் பிரேமோடு இணைத்து 'லூப்' போடுறது ஏன் பெருகிச்சுன்னு இதில் இருந்தே புரிஞ்சுக்கலாம்.

பக்கத்துத் தெருவில் ரீல்ஸ் எடுக்கிற பையன் ஒருத்தன் இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னான். "மாமா, மூணு செகண்டுக்குள்ள எதாச்சும் நடக்கணும். இல்லன்னா தள்ளிட்டுப் போயிருவாங்க."

"சும்மா பனையைக் காட்டிட்டு மூணு செகண்டு நின்னா என்னடே?"

"நீங்க நிப்பிய. மத்தவங்க நிக்க மாட்டாங்க."

அவன் சொல்றது நிஜம். அதனாலதான் தேடுற பொறுப்பு நம்ம தலையில் விழுது. தானாக வர்றதை நம்பாம, உத்தியின் பேரைப் போட்டுத் தேடுங்க: ஸ்டாப் மோஷன், பிக்சிலேஷன், டைம்லாப்ஸ், ஒரே ஷாட். பொருளின் பேரைத் தமிழிலேயே, வட்டார வார்த்தையிலேயே போடுங்க. 'பதநீர்', 'பாய் முடைதல்' என்று போட்டால் வர்றது வேற உலகம். பிடிச்ச ஒருத்தர் கிடைச்சா, அவரோட முதல் வீடியோவில் இருந்து வரிசையாகப் பார்த்துட்டு வாங்க. கை எப்படிப் பழகிச்சுன்னு தெரியும். விமியோ தளத்தில் 'ஸ்டாஃப் பிக்ஸ்' என்று மனுஷங்க உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிற பட்டியல் இருக்கு. தேடலுக்குன்னு தனிக் கணக்கு ஒண்ணு வச்சுக்கிட்டா நல்லது. வீட்டில் எல்லாரும் பார்க்கிற கணக்கில் சல்லடை குழம்பிரும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடல்

ஏன்னா இவை அழியுது. ஆறு விநாடி என்ற கட்டுக்குள்ள அற்புதங்கள் செய்த வைன், 2013இல் வந்து 2017 ஜனவரியில் மூடப்பட்டது. இங்கே டிக்டாக்கை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடுத்து, அதே மாதம் தடையை விலக்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது அது ஒரேயடியாகப் போனது. தடை சரியா தப்பா என்பது வேற விவாதம். கேமராவே தொட்டிராத எத்தனையோ ஊர்க்காரங்க முதன்முதலாக எடுத்த படங்கள் அதோடு இங்கே பார்க்க முடியாமல் போச்சு. அதைப் பத்தி எழுதின தமிழ்க் குறிப்பு எத்தனை இருக்கு?

நமக்கு இது முதல் தடவையும் இல்லை. 1910களின் கடைசியில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' படத்தின் பிரதி ஒண்ணுகூட மிச்சமில்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் முழுசாகத் தப்பியதுன்னு காட்ட 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' ஒண்ணுதான் இருக்கு. நமக்குத் தெற்கே நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்தது. நாவலின் பதிப்பகத்தார் உரிமை வழக்குப் போட்டு, பிரதி அவங்க கைக்குப் போய், 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கிடைச்சது. போற்றிப் பாதுகாத்து மிஞ்சினது இல்லை. வழக்கில் மாட்டினதால் மிஞ்சினது.

ஆகவே என்னளவில் ஒரு விரிதாள் வைத்திருக்கிறேன். எடுத்தவர் வைத்துக்கொண்ட பேர், போட்ட தேதி, எத்தனை விநாடி, என்ன உத்தி, ஒரிஜினல் சத்தமா பாட்டா, ஏன் பிடிச்சது என்று ரெண்டு வரி. வாழைத்தார் வீடியோவுக்கு நேராக "ஒன்பது விநாடி, ஒரு வெட்டு, கடைசியில் தொம்" என்று எழுதியிருக்கேன். இப்போதைக்கு மொத்தம் இருநூறு வரிசைகூட வரல. அடுத்த குறிப்பில் அதிலிருந்து பனைப் படங்களை மட்டும் எடுத்து ஒண்ணொண்ணாகப் பார்க்கலாம்னு இருக்கேன்.