குழலில் சாகித்தியம் கேட்கிறதா?

பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் போனால், பாதையோரம் புல்லாங்குழல் விற்பவர் ஊதும் சினிமாப் பாட்டு காதில் விழும். இன்னும் கொஞ்ச தூரத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் நீளமான பான்சுரியோடு உட்கார்ந்திருப்பார். நின்று இரண்டையும் கேளுங்கள். விற்பவரின் குழலில் பாட்டு வரி தானாக மனசில் ஓடும், பான்சுரியில் நீண்ட ஸ்வரங்கள் மட்டும் மிதக்கும்.

கர்நாடகக் குழல் முதல் வகை. வாய்ப்பாட்டுதான் அதற்கு அளவுகோல். குழல் கலைஞர் திருவிடைமருதூர் மாலி (1926–1986) விரல் வைக்கும் முறையையே மாற்றியதும் பாடகரின் குழைவைப் பிடிக்கத்தான். கச்சேரியில் தோடி ராகம் வந்தால் கண்ணை மூடித் தலையாட்டாதீர்கள், வாசிப்பவரின் விரலைப் பாருங்கள். காந்தாரத்தில் விரல் துளையைச் சட்டென்று திறக்காது. பாதி விலகி, உருண்டு, மறுபடி மூடும். ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே ஸ்வரம் அசைவது அந்த உருளலில்தான். சாவிகள் வைத்த மேற்கத்திய உலோகக் குழலில் இது லேசில் வராது.

அடுத்தது சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள். நன்றாகத் தெரிந்த கீர்த்தனையை முதலில் வாய்ப்பாட்டாகவும் பிறகு குழலிலும் கேளுங்கள். சொல் பிரியும் இடத்தில் மூச்சும் பிரிகிறதா? இதற்கு டி. விஸ்வநாதனைவிட நல்ல வாத்தியார் கிடையாது. வீணை தனம்மாளின் பேரன், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி, திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் சீடர். கச்சேரி நடுவே குழலை இறக்கிவிட்டுப் பாடுவார், மறுபடி எடுத்து வாசிப்பார். 1958-இல் ஃபுல்பிரைட் உதவியில் லாஸ் ஏஞ்சலிஸ் போனவர், பிறகு வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தார். அவரிடம் பயின்ற அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸை நம்மவர்கள் 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்றே அழைத்தார்கள். இரண்டு பண்பாடுகள் சந்திப்பது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் குருகுலம்தான், மேடைக் கலவை அப்புறம்.

அந்தக் கலவையையும் ஒதுக்க வேண்டாம். சஷாங்க் சுப்ரமணியம் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்ளினோடு வாசித்த 'ஃப்ளோட்டிங் பாயின்ட்' (2008) நல்ல தொடக்கம். கிதாரின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும்போது கமகம், அதாவது தோடியில் பார்த்த அந்த ஸ்வர அசைவு, மிஞ்சுகிறதா என்று கவனியுங்கள். கமகத்தை உதறிவிட்டு ஓடுகிற ஃப்யூஷன் எவ்வளவு கைதட்டல் வாங்கினாலும் எனக்கு ருசிப்பதில்லை.

அடுத்த குழல் கச்சேரிக்குச் சீக்கிரமே போய், விரல் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். மேடை மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் முணுமுணுக்காதீர்கள்; அந்தக் காற்று உதட்டுக் காற்றைக் கலைத்துவிடும்.