பறவைகளின் முறையீடு

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'பறவைகள்' (1963) திரைப்படத்தைக் கண்டோர் எழுப்பும் வினா பெரும்பாலும் ஒன்றே: அப்பறவைகள் மனிதரை ஏன் தாக்குகின்றன? படம் விடை கூறுவதில்லை. கலிஃபோர்னியாவின் போடேகா பே என்னும் கடலோரச் சிற்றூரில் கடற்காகங்களும் காக்கைகளும் திரண்டு, பள்ளிச் சிறாரையும் விட்டுவைக்காமல் கொத்துகின்றன. இறுதியில் 'முற்றும்' என்ற சொல்கூடத் திரையில் தோன்றுவதில்லை. காரணமின்மையே இப்படத்தின் அச்சத்துக்கு ஊற்று என்பர். நமக்கு அதில் முழு உடன்பாடில்லை.

பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த 'இக்வானுஸ் ஸஃபா' என்னும் அறிஞர் குழுவினரின் இருபத்திரண்டாம் நிருபத்தில் ஒரு வழக்கு விசாரணை இடம்பெறுகிறது. விலங்குகளும் பறவைகளும் மனிதனுக்கு எதிராக ஜின்களின் அரசனிடம் முறையிடுகின்றன. சுமை, அடி, கூண்டு, கத்தி என ஒவ்வொன்றையும் எடுத்துரைக்கின்றன. மனிதன் தன் அறிவையும் அழகையும் கலைகளையும் காட்டி வாதிட, அவற்றுக்கெல்லாம் எதிர்வாதம் எழுகிறது. முடிவில் அவன் பக்கம் தீர்ப்புச் சாய்வது, மறுமையில் விசாரிக்கப்படவிருப்பவன் அவன் என்பதையும் அவனினத்தில் நல்லடியார்கள் உள்ளனர் என்பதையும் ஒட்டியே. உயர்வு என்பது அங்கே பொறுப்பின் மறுபெயர்.

இந்நிருபத்தை மனத்திற்கொண்டு படத்தை மீண்டும் பார்த்தால், பறவைகளின் குற்றப்பத்திரிகை அதற்குள்ளேயே மறைந்துகிடப்பதைக் காணலாம். கதை பறவைக் கடையொன்றின் கூண்டுகளுக்கிடையே தொடங்குகிறது. பிற்பகுதியில் நாயகி தொலைபேசிக் கண்ணாடிக் கூண்டுக்குள் சிக்கித் தவிக்கிறாள். உணவகத்தில் பறவையியல் அறிந்த மூதாட்டி, பறவைகள் மனிதரைத் தாக்குவதில்லை என்று வாதாடிக்கொண்டிருக்கையில், பணிப்பெண் பொரித்த கோழிக்கு உரக்க ஆணை கொடுக்கிறாள். எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே இடத்தில் குடிபோதையில் ஒருவன், இது உலக முடிவு என்று வேதவாக்கியம் சொல்கிறான். ஆய்வின்றி அச்சத்துக்குச் சமயப் பெயர் சூட்டும் சோம்பலை இயக்குநர் சரியாகவே எள்ளுகிறார்.

நம் வாசகர்க்கு இங்கே அபாபீல் பறவைகள் நினைவுக்கு வரலாம். ஆனால் அவை சுட்ட களிமண் கற்களை எறிந்தது கஅபாவை இடிக்கப் படைகொண்டு வந்த அப்ரஹாவின் கூட்டத்தார் மீது. அங்கே குற்றமும் குற்றவாளியும் தெளிவு. அந்நிகழ்வைக் காரணம் தெரியாத ஒவ்வோர் இடருக்கும் அளவுகோலாக்குவது முறையன்று.

அச்சத்தின் விளைவு திரையோடு நின்றுவிடுவதுமில்லை. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) சுறாவை வஞ்சம் தீர்க்கும் கொடியதாகக் காட்டியது. மூலநாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியே பின்னாளில் அதற்கு வருந்திச் சுறாக்களின் பாதுகாப்புக்காகப் பாடுபட்டார். சுறா தாக்கி இறப்போர் உலகெங்கும் பெரும்பாலான ஆண்டுகளில் பத்தைத் தாண்டுவதில்லை. மனிதரால் கொல்லப்படும் சுறாக்களோ ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி என 2013ஆம் ஆண்டின் ஆய்வொன்று மதிப்பிட்டது. யார் யாருக்கு அஞ்ச வேண்டும்?

ஹிட்ச்காக் படமெடுப்பதற்கு முன், 1961 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பகுதியில் கடற்பறவைகள் திரளாக வீடுகளில் மோதி விழுந்தன. அச்செய்தியை அவர் அறிந்திருந்தார். அந்தக் கோடையில் அதே விரிகுடாவில் சேகரித்து வைக்கப்பட்ட மிதவை உயிரிகளின் வயிற்றில், நரம்பு நஞ்சை உண்டாக்கும் நுண்பாசிகள் மிகுந்திருந்ததை 2012இல் வெளியான ஆய்வு கண்டது. நஞ்சேறிய இரையை உண்டு பறவைகள் நிலைதடுமாறியிருக்க வேண்டும் என்பதே அதன் முடிபு. தாக்க வந்தவையாகத் தோன்றியவை உண்மையில் நோயுற்று மாண்டுகொண்டிருந்தன!

அண்ணல் நபி (ஸல்) அவர்களுடன் பயணம் சென்ற தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளிரண்டை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகை விரித்துப் பதறியது. அதனைக் கண்ட அண்ணலார், குஞ்சுகளை எடுத்து அதனைத் துயருறச் செய்தவர் யாரென வினவி, அவற்றைத் திரும்ப விடுமாறு பணித்தார்கள் என்கிறது ஹதீஸ். படபடத்த அச்சிறகில் அண்ணலார் கண்டது அச்சுறுத்தலையன்று, முறையீட்டை. திகில் படங்கள் நமக்குக் கற்பிக்க மறந்த பார்வை அதுவே.